காமாலையைக் கரைத்த கதிரொளி

மஞ்சள் காமாலையை அரபியில் ‘யரகான்’ என்பர். பயிர் மஞ்சளித்துப் பாழாகும் நோய்க்கும் அம்மொழியில் அதே பெயருண்டு. இளம்பயிரையும் பச்சிளம் மகவையும் ஒரு சொல்லில் இணைத்த அப்பொருத்தத்தை நாம் பலகாலும் எண்ணி வியந்ததுண்டு.

பிறந்த சில நாட்களில் குழந்தையின் மேனியிற் காணும் மஞ்சள் பெரும்பாலும் தானே மறைந்துவிடும். குறைமாதக் குழந்தைக்கோ அஃது அத்துணை எளிதன்று. குருதியின் சிவப்பணுக்கள் சிதைவதால் உண்டாகும் ‘பிலிருபின்’ என்னும் மஞ்சட் பொருளை வெளியேற்ற அதன் ஈரலுக்கு வலுப் போதாது. அளவு மீறின் அப்பொருள் மூளையைத் தாக்கும். உயிர் தப்பினும் செவிப்புலன் போகலாம், கைகால்கள் இயங்காமற் போகலாம். 1950களின் நடுவில், குழந்தையின் குருதியைச் சிறிது சிறிதாக எடுத்து வேறு குருதி ஏற்றுவதே மருத்துவர் கையிலிருந்த பெருவழி.

1956ஆம் ஆண்டுக் கோடையில், இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலுள்ள ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்குத் தலைமைச் செவிலியராக இருந்தவர் வார்டு அம்மையார். வெயிலும் காற்றும் நலம் பயக்கும் என்று நம்பிய அவர், குழந்தைகளை முற்றத்திற்கு எடுத்துச் செல்வார். ஒருநாள் மருத்துவர்களிடம் ஒரு குழந்தையைக் காட்டினார். உடலெங்கும் மஞ்சள் வெளிறியிருக்க, முக்கோண வடிவில் ஓரிடம் மட்டும் அடர்மஞ்சளாய் இருந்தது. ஏதேனும் மருந்து பூசினீர்களோ என்று மருத்துவர் வினவினர். பூசவில்லை, துணியின் மூலை மூடியிருந்த இடம் அது. வெயில் பட்ட இடமே வெளுத்திருந்தது! சில வாரங்களில், சன்னலோரம் வெயிலில் கிடந்த ஒரு குருதிக் குழாயில் பிலிருபின் குறைந்திருக்கக் கண்டனர். கிரெமர் என்னும் மருத்துவரும் துணைவரும் நீல ஒளி விளக்குகளால் தொட்டிற் கருவியொன்று அமைத்து, 1958இல் ‘லான்செட்’ இதழில் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஒளி பட்ட பிலிருபின் நீரிற் கரையும் வடிவம் பெற்று, ஈரலின் உழைப்பை வேண்டாமலே வெளியேறுகிறது. ஆயினும் 1968இல் வெர்மாண்ட் மருத்துவர் லூசியின் ஆய்வு வெளிவந்த பின்னரே அமெரிக்கா இதனைப் பரவலாக ஏற்றது.

ஈரல் முதிருமுன் குழந்தை பிறப்பதேன்? காரணங்கள் பல, அவற்றுள் ஒன்று புகை. 1957இல் கலிஃபோர்னியாவில் சிம்ப்சன் என்னும் மருத்துவ அம்மையார், புகைக்கும் தாய்மாரிடம் எடை குறைந்த பிறப்புகள் ஏறத்தாழ இருமடங்கு நிகழ்வதாக எழுதினார். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு தாயின் குருதி வழியே கருவை அடைந்து, அதற்குரிய உயிர்வளியைக் குறைக்கிறது. புகையே நேராகக் காமாலையைத் தருகிறது என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுதல் மிகையாகும். குறைப்பிறப்பு என்னும் வாயிலைத் திறந்துவிடுவது அதன் வேலை.

சிம்ப்சன் எழுதி இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1985இல்தான், கருவுற்ற பெண்கள் புகைப்பதன் கேட்டைச் சொல்லும் வாசகம் அமெரிக்கச் சிகரெட்டுப் பெட்டிகளில் ஏறியது. நம் குடும்பங்களிலோ புகைப்போர் பெரும்பாலும் ஆடவரே. அவர்கள் விடும் புகையை அருகிருக்கும் கருவுற்ற பெண் சுவாசிப்பதும் கருவுக்குத் தீங்கே. அவ்வாசகம் தாயை மட்டுமே பெயர் சொல்லி எச்சரித்தது. தந்தையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.