பீத்தோவன் எழுதிய பக் ரிப்போர்ட்

பீத்தோவன்னாலே 'காது கேக்காமலே இசையமைச்ச மேதை' என்ற ஒரு வரிதான் ஞாபகத்துக்கு வரும். ஆனா அது ஒரே நாள்ல நடந்த விஷயம் இல்லை.

1801 ஜூன் 29-ம் தேதி வியன்னாவிலிருந்து தன் நண்பரும் டாக்டருமான ஃபிரான்ஸ் வெகலருக்கு ஒரு கடிதம் எழுதறார். வயசு 30. மூணு வருஷமா காது மங்கிட்டே வருதாம். கணக்குப் போட்டா ஆரம்பம் 27-ல. எனக்கு 28, தினமும் ஆறு மணி நேரம் ஹெட்செட் மாட்டற கோஷ்டி. அதனால கொஞ்சம் கவனமாவே படிச்சேன்.

நம்ம பொட்டி தட்டற பாஷைல சொன்னா, அது அருமையான பக் ரிப்போர்ட்:

1. காதுல ராப்பகலா இரைச்சல்.
2. நாடகத்துல நடிகர் பேசறது புரியணும்னா இசைக்குழுவை ஒட்டி உட்காரணும்.
3. கொஞ்சம் தள்ளிப் போனா உச்ச ஸ்தாயி கேட்கலை.
4. மெதுவா பேசினா சத்தம் கேட்குது, வார்த்தை புரியலை.
5. கத்தினாலோ தாங்க முடியலை.

அவர் காது எதனால போச்சுன்னு ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போடறாங்க. ஆனா இந்த அறிகுறிகள் பலருக்கும் பொது. உள்காதுல உயர்ந்த சுருதியைப் பிடிக்கற மயிர்செல்கள்தான் பெரும்பாலும் முதல்ல சேதமாகும். உயிரெழுத்தோட ஒலி தாழ்ந்த சுருதி, பலமா இருக்கும். 'ச' மாதிரி மெய்யொலிகள் உயர்ந்த சுருதி, மெலிசு. அதனால சத்தம் வரும், ஆனா சொன்னது காசா, காதான்னு புரியாது. நமக்கோ 'எதிராளி முணுமுணுக்கறான்'னுதான் தோணும். சிக்கலே அங்கதான்!

பீத்தோவனுக்குப் புரிஞ்சிருந்தது, ஆனா வெளிய சொல்ல முடியலை. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கூட்டங்களையே தவிர்த்திருக்கார். சங்கீதக்காரனுக்கே காது கேக்கலைன்னா ஊர் என்ன சொல்லும்? அளந்து பார்க்கவும் வழியில்லை. இசைக்கவை வெச்சு சோதிக்கற வெபர் முறை 1834-ல, ரின்னே முறை 1855-ல. அவர் 1827-லயே போய்ச் சேர்ந்துட்டார்.

நமக்கு அந்தச் சாக்கு இல்லை. வீட்லயே பண்ணலாம்: ஒரு காதைப் பொத்திக்குங்க. இன்னொருத்தர் உங்களுக்குப் பின்னால கை நீட்டற தூரத்துல நின்னு, மூச்சை விட்டுட்டு, மூணு எண்ணோ எழுத்தோ கலந்து கிசுகிசுக்கணும். தப்பினா வேற மூணு. ஆறுல மூணாவது சரியா சொல்லணும். அப்புறம் அடுத்த காது. உலக சுகாதார நிறுவனமும் 2019-ல ஒரு இலவச செயலி வெளியிட்டது. இரைச்சலுக்கு நடுவுல வர்ற எண்களைக் கண்டுபிடிக்கணும்.

இதெல்லாம் முதல் சல்லடை மட்டும்தான். தேறலைன்னாலோ, தேறியும் மேல இருக்கற அஞ்சுல ஏதாவது இருந்தாலோ, காது டாக்டர்கிட்ட போய் ஆடியோகிராம் எடுத்துடுங்க. திடீர்னு ஒரு காது கேக்காம போனா நாள் தள்ளாம அன்னிக்கே ஓடுங்க. சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சாதான் மீள வாய்ப்பு அதிகம்.

அப்பா டிவி சத்தத்தை ஏத்திட்டே போறார்னா, அவரை வெச்சே இந்தக் கிசுகிசுவை ஆரம்பிக்கலாம். அப்படியே உங்க காதையும் பார்த்துடுங்க மக்கா :-)