ஓர் ஆய்வேடும் அதன் சமூகத் தளமும்

1937இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் குளோட் ஷானன் என்னும் 21 வயது மாணவர் சமர்ப்பித்த முதுமாணி ஆய்வேடு, றிலே மின்சுற்றுக்களைப் பூலின் அட்சரகணிதத்தால் வடிவமைக்கலாம் என நிறுவியது. கணினிச் சுற்றுக்களின் கோட்பாட்டு அடித்தளங்களுள் அது முதன்மையானது. இதனைத் தனிமேதை ஒருவரின் சாதனையாக மாத்திரமே நோக்குவோர் பலர். ஆயின், அவ்வட்சரகணிதத்தை முந்திய நூற்றாண்டிலேயே வகுத்தவர், சப்பாத்துத் தொழிலாளியின் மகனான ஜோர்ஜ் பூல். தொலைபேசி இணைப்பகங்களின் பெருக்கமோ, சிக்கலான சுற்றுக்களை எளிமையாக்கும் தேவையைத் தோற்றுவித்திருந்தது. எனவேதான் யப்பானில் அகிரா நகசிமாவும் மொஸ்கோவில் விக்ரர் ஷெஸ்தகோவும் அதே தசாப்தத்தில் ஒத்த முடிவுகளைத் தனித்தனியே எய்தினர். ஷானனின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று. பொறியியல் மாணவரின் ஆய்வை மதிப்பிடுகையில், ‘யார் கண்டார்?’ என்பதோடு, ‘எத்தேவை அவரைக் காணத் தூண்டியது?’ எனவும் வினவுதல் வேண்டும். அறிவு சமூக உழைப்பின் விளைவாயின், அதன் பயனும் சமூகத்துக்கே உரியது.