நாணயக் கொள்கைக் குழு

நாணயக் கொள்கைக் குழு என்பது, வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் குறுகியகாலக் கடனுக்கான வட்டியை, அதாவது ரெப்போ விகிதத்தை, முடிவு செய்யும் ஆறு பேர் கொண்ட சட்டபூர்வ அமைப்பு. வீட்டுக்கடன் தவணை ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் இதன் கையில் இருக்கிறது. ஆனால் இவர்களில் எவரும் மக்களிடம் ஓட்டுக் கேட்டு வந்தவரல்லர்.

2016 வரை வட்டி ரிசர்வ் வங்கி ஆளுநரின் தனி முடிவு. ஆலோசகர்கள் சொல்லலாம், அவர் கேட்கவேண்டிய கட்டாயமில்லை. இதைக் குழுவிடம் ஒப்படைக்க உர்ஜித் படேல் தலைமையிலான வல்லுநர்கள் 2014 ஜனவரியில் பரிந்துரைத்தனர். 1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. அந்த அக்டோபரில் முதல் கூட்டம் நடந்தபோது படேலே ஆளுநர்.

ஆளுநர் உட்பட மூவர் ரிசர்வ் வங்கியைச் சேர்ந்தவர்கள். மற்ற மூவரை மத்திய அரசு நான்காண்டுகளுக்கு நியமிக்கிறது, மறுநியமனம் கிடையாது. எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கு இந்த இடங்கள் இல்லை. வாக்குகள் சமமானால் ஆளுநருக்கு இன்னொரு வாக்கு உண்டு. யார் எப்படி வாக்களித்தார், ஏன் என்பது கூட்டத்துக்குப் பின் பதினான்காம் நாள் வெளியாகிறது. இந்த ஏற்பாட்டின் ஆகச் சிறந்த அம்சம் இதுதான்.

வட்டியை வைத்து எட்ட வேண்டிய பணவீக்க இலக்கை வகுப்பது குழு அல்ல. ரிசர்வ் வங்கியைக் கலந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை அரசு அதை அறிவிக்கிறது. 2016இல் அறிவித்தது 4 சதவீதப் பணவீக்கம். 2 முதல் 6 வரை பொறுத்துக்கொள்ளலாம். 2021இலும் அதுவே தொடர்ந்தது.

2017 ஜூனில், கூட்டத்துக்கு முன் சந்திக்க நிதி அமைச்சகம் அழைத்தபோது உறுப்பினர்கள் மறுத்துவிட்டனர். ஆனாலும் அரசின் பிடி முற்றிலும் தளர்ந்துவிடவில்லை. 2020இல் வெளி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தும் புதியவர்கள் வரவில்லை. குறைந்தது நால்வர் வேண்டிய இடத்தில் மூவரே மிஞ்ச, கூட்டம் அக்டோபர் 7க்குத் தள்ளிப்போனது.

சராசரிப் பணவீக்கம் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் எல்லை மீறினால், காரணத்தையும் பரிகாரத்தையும் ரிசர்வ் வங்கி அரசுக்கு எழுத வேண்டும். 2022இல் முதன்முறையாக அந்த நிலை வந்தது. அந்தக் கடிதத்துக்காக நவம்பர் 3 அன்று குழு தனியாகக் கூடியது. பிரிட்டனில் இத்தகைய கடிதம் பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிடும். இங்கே அப்படி வெளியிடச் சட்டத்தில் வழியில்லை என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது.