எழுத்தாளரா நீங்க? ஃபேஸ்புக் மட்டும் போதாது... ஏன் தெரியுமா?

புத்தகம் வெளிவந்ததும் பலரும் ஃபேஸ்புக்கில் அட்டைப்படம் போடுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனா அது வாடகை வீடு மாதிரிதான். கணக்கு முடங்கினால், பல வருஷப் பதிவுகளும் வாசகர்களும் ஒரே நாளில் கைவிட்டுப் போகலாம்.

சொந்தத் தளம் எதற்கு?

எழுதியது ஒரே இடத்தில் நிற்கும். ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை 'வெண்முரசு' நாவல் வரிசையை இணையத்தில்தான் தினமும் வெளியிட்டார். மொத்தம் 26 நாவல்கள்!

தளத்தில் என்னென்ன இருக்கணும்?

* உங்க பெயரிலேயே டொமைன். ஆண்டுதோறும் மறக்காம புதுப்பிக்கணும்.
* நான்கு வரி அறிமுகம், தெளிவான போட்டோ.
* புத்தகப் பட்டியல், வாங்குவதற்கான லிங்க்.
* தொடர்புக்கு இமெயில் மட்டும். வீட்டு முகவரி வேண்டாம்.

பெயரில் கவனம்!

ஆங்கிலத்தில் பெயரை எல்லா இடத்திலும் ஒரே ஸ்பெல்லிங்கில் எழுதுங்க. மாத்தி மாத்தி எழுதினா, கூகுளில் தேடும் வாசகர் உங்களைத் தவறவிடுவார்.