தடுமாறியது நாவா, செவியா?

அமெரிக்கப் பழங்குடி மக்களின் மொழிகளைக் கேட்டு எழுதிவைக்கும் வேலை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மும்முரமாக நடந்தது. அப்படிக் கேட்டு எழுதியவர்கள் பலர் ஒரு புகாரைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: இந்த மக்களின் ஒலிகள் நிலையாக இல்லை, ஒரே சொல்லை இன்று ஒரு விதமாகவும் நாளை வேறு விதமாகவும் உச்சரிக்கிறார்கள். டேனியல் பிரிண்டன் 1888இல் இதையே ஆதி மனிதப் பேச்சின் அடையாளமாகக் கொண்டார். மொழி இன்னும் உருத்திரளாத நிலையில் இருப்பதால்தான் ஒலிகள் இப்படி அலைகின்றன என்பது அவர் முடிவு. கேட்டு எழுதியவரின் காது சரியாகத்தான் கேட்டதா என்று யாரும் விசாரிக்கவில்லை. ஒரு மக்கள்கூட்டத்தின் அறிவையே குறைத்து மதிப்பிட்ட இந்த முடிவு, சரிபார்க்கப்படாத சில காதுகளை நம்பி எழுந்தது.

அந்த விசாரணையை 1889இல் தொடங்கியவர் ஃபிரான்ஸ் போவாஸ். ஜெர்மனியில் பிறந்து இயற்பியல் படித்தவர். தண்ணீரின் நிறம் பற்றி ஆய்வேடு எழுதியவர். அவர் சோதித்தது தன் சொந்தக் குறிப்பேடுகளைத்தான். 1883-84இல் பாஃபின் தீவில் இனுயிட் மக்களிடம் எழுதிக்கொண்டவற்றில், ஒரே ஊர்ப்பெயர் ஓபெர்னிவிங் என்றும், உபெர்னிவிக் என்றும், உபெர்ட்னிவிக் என்றும் பதிவாகியிருந்தது. எழுதிய கை ஒன்றே, மொழியும் ஒன்றே. போவாஸ் தந்த விளக்கம் இதுதான்: பழக்கமில்லாத ஒலியை நாம் அப்படியே வாங்கிக்கொள்வதில்லை, ஏற்கெனவே தெரிந்த ஒலிகளில் எது அருகில் இருக்கிறதோ அதாகவே கேட்கிறோம். அருகில் இரண்டு இருந்தால் ஒருமுறை ஒன்றாகவும் மறுமுறை மற்றொன்றாகவும் கேட்கிறோம். எழுதியவர்களின் பிழைகள் அவரவர் தாய்மொழிக்கு ஏற்ப மாறியதையும் அவர் சான்றாக வைத்தார். தடுமாற்றம் பேசியவரின் நாவில் இல்லை, கேட்டவரின் செவியில் இருந்தது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பேச்சொலி உண்மையிலேயே மாறத்தானே செய்கிறது? ஆம், போவாஸ் எண்ணியதைவிடவும் அதிகமாகவே மாறுகிறது. 1952இல் பீட்டர்சனும் பார்னியும் ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என 76 பேரைப் பத்து ஆங்கிலச் சொற்களைச் சொல்லவைத்து, உயிரொலிகளின் அதிர்வுகளைக் கருவியால் அளந்தார்கள். ஒருவர் சொன்ன ஓர் உயிரொலியின் அளவு, இன்னொருவர் சொன்ன வேறோர் உயிரொலியின் அளவோடு கலந்து கிடந்தது. ஆனால் அதே பதிவுகளைக் கேட்டவர்கள் பெரும்பாலும் சரியாகவே இனங்கண்டார்கள். 1957இல் லேடிஃபோகடும் பிராட்பெண்டும் இன்னும் ஒரு படி போனார்கள். முன்னால் வரும் வாக்கியத்தின் குரல் தன்மையை மட்டும் செயற்கையாக மாற்றினால், கொஞ்சமும் மாறாத ஒரே ஒலிப்பதிவு ஒருமுறை ‘பிட்’ என்றும் இன்னொருமுறை ‘பெட்’ என்றும் கேட்டது. பேசுபவர் யார், அவர் குரல் எப்படிப்பட்டது என்பதைச் செவி கணக்கில் எடுத்துக்கொண்டே ஒலியைத் தீர்மானிக்கிறது. ஆகவே ஒலி மாறுகிறது என்பது எந்த மொழிக்கும் குற்றச்சாட்டாக முடியாது. எந்த மாற்றம் பொருட்படுத்தத் தக்கது என்பது அந்த மொழிக்குள் இருப்பவருக்குத் தெரியும், வெளியாளுக்குத் தெரியாது.

இதை மிகத் தெளிவாகக் காட்டியவர் போவாஸின் மாணவர் எட்வர்ட் சபீர். 1910இல் தெற்குப் பையூட் மொழி பேசிய டோனி டில்லோஹாஷ் என்ற இளைஞரோடு வேலை செய்தபோது, ‘தண்ணீருக்கருகில்’ என்று பொருள்படும் சொல்லின் நடுவில் சபீரின் காதில் விழுந்தது ஏறக்குறைய ஆங்கில ‘வி’ போன்ற ஒலி. அசை பிரித்து எழுதச் சொன்னால் டோனி அங்கே பகரத்தை எழுதினார். மெல்லச் சொல்லும்போதும் ‘பா’ என்று நிறுத்திவிட்டு, அடுத்த அசையையும் பகரத்தில்தான் தொடங்கினார். பிழை என்று சபீர் அதைத் தள்ளவில்லை. அந்த மொழியின் அமைப்பே அதுதான் என்று 1933இல் எழுதினார். தமிழருக்கு இது புதிதல்ல. ‘பாம்பு’ என்ற சொல்லின் இரண்டு பகரங்களும் வேறு வேறாக ஒலிக்கின்றன. தமிழ்க் காது இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. கால்டுவெல் 1856இல் இதை ஒரு விதியாக வகுத்துக் காட்டினார். அப்படியானால் ‘பஸ்’ஸின் முதல் ஒலியைத் தமிழர் தனியாகக் கேட்பது எப்படி என்று வினவலாம். கடன்சொற்கள் புழங்கப் புழங்க, சொல்முதலில் அந்த வேறுபாடு பொருளைப் பிரிக்கத் தொடங்கியது. செவியும் அதைப் பிடித்துக்கொண்டது. லிஸ்கரும் ஆப்ராம்சனும் 1964இல் 11 மொழிகளின் வெடிப்பொலிகளை அளந்தபோது, தமிழைச் சொல்முதலில் இருவகை ஒலி உள்ள மொழியாகவே சேர்த்தார்கள். பழக்கம் மாறினால் செவியும் மாறும் என்பது போவாஸின் வாதத்துக்கு வலு சேர்க்கிறதே தவிர, அதைக் கெடுப்பதில்லை.

சபீரிடம் பயின்ற மர்ரே எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளைப் பதிவுசெய்தார். உரசொலிகளும் ஆடொலிகளும் வியக்கும் அளவுக்கு நிறைந்த தோடர் மொழியை அந்நியச் செவி எளிதில் குழப்பிவிடும். அந்த நுட்பங்களை நாம் இன்று அறிந்திருப்பதில் அவர் உழைப்புக்குப் பெரும் பங்குண்டு. இன்று இருளர், குறும்பர் பேச்சைப் பதிவுசெய்யப் போகிறவர்களின் கையில் அந்த முன்னோடிகளுக்குக் கிடைக்காத கருவிகள் இருக்கின்றன. ஆனால் எந்த வேறுபாடு முக்கியம் என்று கருவி சொல்லாது. எழுதியதைப் பேசியவரிடமே படித்துக் காட்டுங்கள். முடிந்தால் அவரையே எழுதச் சொல்லுங்கள். அவர் எழுத்து உங்கள் காதோடு ஒத்துப்போகாவிட்டால், திருத்தும் முன் இன்னொருமுறை கேளுங்கள்.