பெருந்தொற்றுக் காலத்தில் முதலாமாண்டு: பேத்தமங்களா – தங்கவயல் வட்டாரத்தை முன்வைத்து

பட்டப்படிப்பின் முதலாமாண்டு, பாடத்தைவிடப் பழக்கத்தையே அதிகம் கேட்கும் ஆண்டு. எந்த அறையில் எந்த வகுப்பு, அபராதமில்லாமல் தேர்வுக் கட்டணம் கட்ட எது கடைசி நாள், ரெக்கார்டு நோட்டில் யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதையெல்லாம் எந்தப் பாடநூலும் சொல்வதில்லை. இவை பிடிபடாத மாணவர் பாடத்தில் தேறினாலும் கல்லூரியில் நிலைப்பது கடினம். இந்த நுழைவை விளக்க உயர்கல்வி ஆய்வாளர்கள் மிகுதியும் நாடுவது அமெரிக்கச் சமூகவியலாளர் வின்சென்ட் டின்டோவின் கோட்பாட்டை. அவருடைய 1975ஆம் ஆண்டுக் கட்டுரை, தற்கொலை பற்றிய எமில் துர்க்கெய்மின் ஆய்விலிருந்து ஒருங்கிணைவு என்ற கருத்தை எடுத்துக்கொண்டது. பின்னர், வாழ்க்கைச் சடங்குகளைப் பற்றி 1909இல் நூல் எழுதிய ஆர்னால்ட் வான் கென்னெப் வகுத்த பிரிதல், இடைநிலை, இணைதல் ஆகிய கட்டங்களையும் டின்டோ அதனுடன் சேர்த்தார். வீட்டையும் பழைய நட்பையும் விட்டுப் பிரிந்து, கொஞ்ச காலம் இரண்டுங்கெட்டான் நிலையில் இருந்து, கல்லூரிச் சமூகத்தில் கலந்துவிடுபவர் படிப்பை முடிப்பார். கலக்க முடியாதவர் பாதியில் விலகுவார் என்பது அதன் சாரம்.

மேற்கு நாடுகளின் பெருந்தொற்றுக் கால முதலாமாண்டுக்கு இந்தச் சட்டகம் நன்றாகவே பொருந்துகிறது. 2020 நவம்பரில் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் ஃபாலோஃபீல்ட் விடுதிகளைச் சுற்றி வேலி அமைத்தபோது மாணவர்கள் அதே நாளில் அதைப் பிடுங்கிச் சாய்த்தார்கள். வீட்டை விட்டு வந்தாயிற்று, வந்த இடத்தில் கலக்க வழியில்லை என்ற நிலையின் வெளிப்பாடு அது. அதே மாதம் கர்நாடகத்தின் பேத்தமங்களாவிலிருந்து கல்லூரியில் சேர்ந்த ஒருவருக்கோ, வேலி போட விடுதியே கிடையாது. அவர் வீட்டை விட்டுப் பிரியவும் இல்லை. அப்படியானால் அவர் இழந்தது என்ன? ‘கல்லூரி வாழ்க்கை போயிற்று’ என்ற பொதுப் புலம்பல் இதற்கு விடையாகாது. இத்தகைய மாணவருக்குப் பல்கலைக்கழகம் என்பது வளாகம் அன்று. போகும் வழியும் உடன் வருபவர்களும் அலுவலக ஜன்னலும்தான். இணையவழிக் கல்வி வகுப்பறைக்கு மாற்றாக வந்தது. வழிக்கும் துணைக்கும் ஜன்னலுக்கும் மாற்றாக எதுவும் வரவில்லை. முதலாமாண்டின் சேதத்தை இங்கேதான் தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பேத்தமங்களா கோலார் மாவட்டத்தில் பாலாற்றின் கரையில் உள்ள சிற்றூர். அதன் பெரிய ஏரிதான் நெடுங்காலம் கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் கொடுத்தது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கத் தொழிலில் இறங்கிய பின் வட ஆர்க்காடு, சேலம், தர்மபுரிப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய தமிழர்களே தங்கவயலின் உழைப்பாளர் கூட்டத்தின் பெரும்பகுதி. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, விடிவதற்கு முன்னே மாரிகுப்பத்தில் ரயிலேறி, பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புவது இவ்வட்டாரத்தின் வாழ்க்கைமுறையாயிற்று. 2011 கணக்கெடுப்பில் சுமார் 1.6 லட்சம் பேர் இருந்த நகரத்தில், சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் ஒருவராவது இல்லாத தெரு அரிது. மாணவர்களும் இந்த ஓட்டத்தின் ஒரு பகுதி. சிலர் உரிகாம், ராபர்ட்சன்பேட்டைக் கல்லூரிகளுக்குப் பேருந்தில் போகிறார்கள். சிலர் பெங்களூர் ரயிலைப் பிடிக்கிறார்கள்.

தங்கவயல் கல்லூரிகளில் கலை, அறிவியல், வணிகவியல் பட்டங்களை வழங்குவது பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகம். பழைய பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தை மூன்றாகப் பிரித்தபோது உருவாகி, 2017 முதல் கோலாரை அடுத்த தமகாவிலிருந்து இயங்குகிறது. இணைவுக் கல்லூரிகளை எண்ணினால் அது சிறியதன்று. பல்கலைக்கழகம் என்ற நேரடி இருப்பை எண்ணினால் மிகச் சிறியது. தங்கவயலின் பி.காம். மாணவர் தமகாவைப் பார்க்காமலேயே பட்டம் வாங்கலாம். பொறியியல் மாணவருக்கு இந்தத் தூரம் இன்னும் அதிகம்: அவருடைய விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாநிலத்தின் மறுகோடியில், பெலகாவியில் இருக்கிறது.

2020இல் சேர்ந்த அணியின் நுழைவு தொடக்கத்திலேயே துண்டுபட்டது. மார்ச்சில் நடந்திருக்க வேண்டிய இரண்டாம் பி.யூ.சி. (பன்னிரண்டாம் வகுப்பு) ஆங்கிலத் தேர்வு ஜூன் 18 அன்றுதான் நடந்தது. முடிவுகள் ஜூலை 14 அன்று வந்தன. முதலாமாண்டு வகுப்புகளை நவம்பர் 1 அன்று தொடங்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு செப்டம்பரில் அறிவித்தது. கர்நாடகக் கல்லூரிகள் நவம்பர் 17 அன்று திறந்தபோது கோவிட் இல்லை என்ற சான்றும் பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் கேட்கப்பட்டன. நேரில் வர விரும்பாதவர் இணையத்திலேயே தொடரலாம். எல்லா ஆண்டு மாணவர்களுக்கும் நேரடி வகுப்புகள் 2021 ஜனவரி நடுவில்தான் தொடங்கின. மானியக் குழுவின் நாட்காட்டிப்படி இரண்டாம் பருவம் ஏப்ரல் 5 அன்று தொடங்க வேண்டும். ஏப்ரல் 7 அன்று மாநில அரசுப் போக்குவரத்து ஊழியர்களின் வேலைநிறுத்தம் தொடங்கி இரண்டு வாரம் நீடித்தது. ஏப்ரல் 27 அன்று இரண்டாம் அலைக்கான முடக்கம் வந்தது. ஆக, கல்லூரி திறந்திருந்த நாட்களிலும் கல்லூரிக்குப் போகும் வழி திறந்திருந்தது என்று சொல்ல முடியாது. 2020 மார்ச்சில் நின்ற பயணிகள் ரயில்கள் மாதக்கணக்கில் ஓடவில்லை. திரும்பியபோதும் பழைய எண்ணிக்கையில் திரும்பவில்லை. பெருந்தொற்றைப் பற்றிய கல்வி அறிக்கைகள் கைபேசியையும் சிக்னலையும் பேசிய அளவுக்குப் பேருந்தைப் பேசவில்லை. நகரத்தில் உட்கார்ந்து எழுதப்படும் அறிக்கைகளுக்கு இது புதிய குறையன்று.

வழி ஏன் அவ்வளவு முக்கியம்? முதல் தலைமுறை மாணவருக்கு அதுதான் தகவல் மையம். வீட்டில் கல்லூரி முடித்தவர் இல்லாதபோது, எந்த விருப்பப் பாடம் எளிது, எந்த ஆசிரியர் வருகைப்பதிவில் கண்டிப்பானவர், கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துக்கு எந்தச் சான்றிதழை முன்கூட்டியே எழுதிப் போட வேண்டும் என்பதை ரயில் பெட்டியிலும் பேருந்து நிறுத்தத்திலும் சீனியர்கள்தான் சொல்லித் தருகிறார்கள். சலான் நிரப்பத் தெரியாதவர், வரிசையில் முன்னால் நிற்பவருடையதைப் பார்த்து நிரப்புகிறார். ஹால் டிக்கெட்டில் தமிழ்ப்பெயரின் எழுத்துகள் கன்னடம் வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ச் சிதைந்திருந்தால், திருத்தத்துக்கு எந்த ஜன்னலில் எந்த நேரத்தில் நிற்க வேண்டும் என்பதும் இப்படித்தான் தெரியவருகிறது. 2020இல் விண்ணப்பமும் கட்டணமும் இணையதளத்துக்கு மாறின. ஜன்னல் மறைந்தது, ஜன்னலுக்கு முன்னால் இருந்த வரிசையும் அதோடு மறைந்தது. அந்த இடத்தைப் பிடித்தது சைபர் சென்டர். அங்கே காசு கொடுத்தால் படிவம் நிரம்பிவிடும். அடுத்த முறை தானே நிரப்பிக்கொள்ளும் பழக்கம் மட்டும் வராது.

இதைவிட நுட்பமானது மொழி இழப்பு. தங்கவயல் வட்டாரத்து மாணவர் பலருக்கு வீட்டுமொழி தமிழ், ஆட்சிமொழி கன்னடம், பாடமொழி ஆங்கிலம். விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். விளக்கம் கன்னடத்தில் வரும். அது புரிவதோ பெரும்பாலும் பின்பெஞ்சில், பக்கத்தில் இருப்பவர் தமிழில் முணுமுணுக்கும்போதுதான். இந்த முணுமுணுப்பு எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. ஆசிரியர் பார்வையில் அது ஒழுங்கீனம். இணையவழி வகுப்பில் எல்லோருடைய ஒலிவாங்கியும் அணைக்கப்பட்டபோது வகுப்பு முதல்முறையாக முழு ஒழுங்கோடு நடந்தது; தமிழ் விளக்கம் மட்டும் காணாமற்போயிற்று.

வாட்ஸ்அப் குழுக்கள் அதை ஈடுகட்டினவே என்று கேட்கலாம். ஓரளவு உண்மைதான். நோட்டுப் பக்கத்தின் படம் குறுக்காக விழுந்திருக்கும், ஓரத்தில் எடுத்தவரின் கட்டைவிரல் தெரியும்; அதைத் தொடர்ந்து தமிழில் ஒரு குரல் பதிவு வரும். ஆனால் இப்படிக் கேட்கவும் அனுப்பவும் முன்பழக்கம் வேண்டும். 2019இல் சேர்ந்தவர்கள் இரண்டாம் பருவத்தின் நடுவில் கலைந்தாலும், அதற்குள் ஏழெட்டு மாத நட்பு சேர்ந்திருந்தது. அவர்களுடைய குழுக்கள் உயிரோடு இருந்தன. 2020 அணியின் குழுக்களில் இருந்தவை முகம் தெரியாத எண்கள். அங்கே அறிவிப்புகள் வந்தன, சந்தேகங்கள் வரவில்லை. மாணவர் பள்ளித் தோழர்களிடமே திரும்பிப் போனார்; அவர்களோ வேறு பாடம், வேறு கல்லூரி. டின்டோவின் சொற்களில் சொன்னால் பிரிதல் நிகழாமலே இடைநிலை மட்டும் நீண்டது.

கருவிப் பற்றாக்குறையும் இருந்தது. அதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று (2017–18) இந்தியக் கிராம வீடுகளில் 4.4 விழுக்காட்டிலும் நகர வீடுகளில் 23.4 விழுக்காட்டிலும் மட்டுமே கணினி இருந்ததாகக் காட்டியது. வெள்ளையர் காலத்துச் சுரங்க லைன் வீடுகளில் தனியறை என்ற பேச்சே இல்லை. சமையலும் படுக்கையும் தொலைக்காட்சியும் உள்ள அதே இடத்தில்தான், தகப்பனார் வேலை முடிந்து திரும்பும்வரை கிடைக்காத கைபேசியில் பாடம் பார்க்க வேண்டும். அரசுக் கல்லூரி மாணவர்களுக்குக் கர்நாடக அரசு 2021 ஜூனில் கைக்கணினிகளை வழங்கத் தொடங்கியது. நல்ல திட்டம், ஆனால் 2020 அணியின் முதலாமாண்டு அதற்குள் பெரும்பாலும் கழிந்திருந்தது. தனியார் கல்லூரியில் படித்தவர்களுக்கு அது பொருந்தவும் இல்லை.

மதிப்பீட்டில் முதலாமாண்டின் தனித்தன்மை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 2020 ஏப்ரல் 29 அன்று மானியக் குழு வெளியிட்ட வழிகாட்டுதல், இடைப் பருவ மாணவர்களுக்கு அகமதிப்பீட்டில் பாதியும் முந்தைய பருவத்தில் பாதியுமாக மதிப்பெண் தரலாம் என்றது. முந்தைய மதிப்பெண் இல்லாத இடத்தில், குறிப்பாக ஆண்டுமுறைத் தேர்வின் முதலாமாண்டில், முழுவதையும் அகமதிப்பீட்டுக்கே விடலாம் என்றது. கடந்தகாலம் இல்லாத மாணவரை அவரை அறிந்த ஆசிரியர் மதிப்பிடட்டும் என்பது இதன் தர்க்கம். ஆனால் 2020 அணியில், திரையில் வெறும் பெயரெழுத்தாக இருந்தவரை யார் அறிந்திருக்க முடியும்?

2021 அணி நேர்மாறான வாசல் வழியாக வந்தது. இரண்டாம் பி.யூ.சி. தேர்வே ரத்தாயிற்று; எஸ்.எஸ்.எல்.சி.யில் 45, முதல் பி.யூ.சி.யில் 45, அகமதிப்பீட்டில் 10 விழுக்காடு எனக் கூட்டி எல்லோரும் தேர்ச்சி பெற்றதாக ஜூலையில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையை முதலில் செயல்படுத்திய மாநிலமாகக் கர்நாடகம் நான்காண்டுப் பட்டத்துக்கு மாறியது. ஆகஸ்டில் வந்த மற்றோர் ஆணை, பட்டப்படிப்பின் இரு மொழிப் பாடங்களில் ஒன்று கன்னடமாக இருக்க வேண்டும் என்றது. பள்ளியில் கன்னடம் படிக்காதவர்களுக்கு எளிய பயன்பாட்டுக் கன்னடத்துக்கு இடம் கொடுத்தது. மாநில மொழி அறிவு தேவை என்பதில் தங்கவயலில் பெரிய மறுப்பு எழ நியாயமில்லை. கடைத்தெருக் கன்னடம் இங்கே எல்லோருக்கும் வரும். சிக்கல் கணக்கில் இருந்தது: ஓர் இடம் கன்னடத்துக்கு என்றால், மிஞ்சும் ஓர் இடத்துக்குத் தமிழும் ஆங்கிலமும் போட்டியிட வேண்டும். யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் பின்னர் இடைக்கால உத்தரவிட்டது. ஆசிரியர்களுக்கே புரிபடாத பாடத்திட்டத்தில், எந்தத் தாளைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்ல 2021 அணிக்குச் சீனியரும் இல்லை; சீனியர் படித்தது மூன்றாண்டுத் திட்டம். வழித்துணை மிகத் தேவைப்பட்ட ஆண்டில், இருந்த துணையும் பயன்படாமற்போனது. 2024 மே மாதத்தில் கர்நாடகம் மூன்றாண்டுப் பட்டத்துக்கே திரும்பியது. இடையில் சேர்ந்த அணிகளுக்கு முன்னும் பின்னும் ஒத்த முறையில் படித்தவர்கள் இல்லாமற்போனார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எண்ணிக்கை ஏறத்தான் செய்தது. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2019–20இல் 3.85 கோடியாக இருந்த சேர்க்கை 2020–21இல் 4.14 கோடியானது. இந்த ஏற்றத்தைப் பெருந்தொற்று உயர்கல்வியைப் பாதிக்கவில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்வது பிழை. சேர்க்கைப் பதிவேடு பெயரை எண்ணுகிறது, வருகையை எண்ணுவதில்லை. வகுப்பு கைபேசிக்கு மாறியதும், பதினெட்டு வயது நிரம்பியவர் பெயரைக் கல்லூரியில் வைத்துக்கொண்டே ஒப்பந்த வேலைக்குப் போவது எளிதாயிற்று; கோலார் – பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ள நரசாபுரத் தொழிற்பேட்டை அதற்கு ஆள் கேட்டுக்கொண்டிருந்தது. 2020 டிசம்பர் 12 அன்று அங்கே கைபேசித் தொழிற்சாலை ஒன்றில் சம்பளப் பிரச்சினையால் கலவரம் வெடித்தபோதுதான், எத்தனை ஆயிரம் இளைஞர்கள் அங்கே ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள் என்பது வெளியுலகுக்குத் தெரிந்தது. டின்டோ விலகல் என்று கருதியது கல்லூரியை விட்டுப் போவதை. இங்கே பெயர் நீங்காமலே ஆள் நீங்கும் வகை ஒன்று உண்டு. மாநில, தேசியப் புள்ளிவிவரங்கள் அதைப் பிடிப்பதில்லை.

பிடிக்கக்கூடிய ஆவணம் கல்லூரி அலுவலகங்களிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் தேர்வுக் கட்டணம் கட்டியவர்களின் பட்டியல் அங்கே தனித்தனியே உண்டு. 2020, 2021 அணிகளில் முதல் பருவத்துக்குக் கட்டி மூன்றாம் பருவத்துக்குக் கட்டாதவர்களைப் பிரித்தெடுத்து, அவர்கள் பேருந்து வழியில் இருந்தவர்களா, ரயில் வழியில் இருந்தவர்களா, நடந்து வரும் தொலைவில் இருந்தவர்களா என்று ஊர்வாரியாக வைத்துப் பார்த்தால், மேலே சொன்ன வாதத்தைச் சோதித்துவிடலாம்.