காம்பராவும் முற்பணமும்: மலையகத் தோட்டங்களிற் குடியிருப்புரிமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வீட்டுச் சொந்தக்காரருக்கும் வாடகைக் குடியிருப்பாளருக்கும் இடையே முற்பணங் காரணமாக எழும் பிணக்கு நகர வாழ்வில் நாம் நன்கறிந்ததொன்று. குடிபுகுமுன் ஒரு தொகை கொடுக்கப்படுகிறது. வெளியேறும்போது அது முழுமையாகத் திரும்பி வருமா என்பதே பிணக்கின் மையமாகின்றது. 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், அதன் இடத்தைப் பெற்ற 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் இத்தகைய உறவில் வலுக்குறைந்தவரான குடியிருப்பாளருக்கு ஓரளவு பாதுகாப்பளிக்க முற்பட்டன.

இச்சட்டங்கள் நடைமுறையிலிருந்த அதே நாட்டில், நுவரெலியா, அட்டன், தலவாக்கலை முதலிய பிரதேசங்களின் தேயிலைத் தோட்டங்களில் ஒரு பெரும் மக்கட் கூட்டம் வாடகையும் முற்பணமும் கொடாமலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தது. மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது தோட்டத்துரைமாரின் தாராளமாகத் தோன்றலாம். ஆனால், அவ்வீட்டுக்கு ஈடாகப் பெறப்பட்டது யாது, அது எவ்வாறு கணக்கிடப்பட்டது, வெளியேறியோர்க்கு அதில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்ற வினாக்களை எழுப்பினால் வேறொரு சித்திரம் வெளிப்படும். தோட்டக் குடியிருப்பிலும் ஒரு முற்பணம் இருந்தது. முதலில் அது கடன் வடிவிலும், பின்னர் உழைப்பின் வடிவிலும் அமைந்தது. இதனை வரலாற்று முறையில் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கடனே பிணையாக

கோப்பிச் செய்கைக் காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் பெரும்பாலும் அறுவடைக் காலத்துக்கு வந்து திரும்பிச் செல்வோராகவே இருந்தனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1867இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலைச் செய்கையைத் தொடக்கியிருந்தார். தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. ஆகவே நிலையாகத் தங்கும் குடும்பங்கள் தேவைப்பட்டன. அவர்களைத் தங்கவைக்கும் ஏற்பாடாக லயன் வரிசைகள் மலைச் சரிவெங்கும் பெருகின.

இக்குடும்பங்களைத் திரட்டியவர் கங்காணி. தோட்டத்திடம் பெற்ற முற்பணத்தைக் கொண்டு திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை முதலிய மாவட்டக் கிராமங்களில் ஆட்களைச் சேர்த்தார். வழிச்செலவும் உணவுச் செலவும் தொழிலாளியின் பெயரிலேயே கடனாக எழுதப்பட்டன. நகரத்தில் முற்பணம் குடியிருப்பாளரிடமிருந்து வீட்டுக்காரருக்குச் செல்கிறது. தோட்டத்திலோ அது எதிர்த்திசையில், முதலாளியிடமிருந்து தொழிலாளிக்கு வந்தது. கொடுப்பவரும் பெறுபவரும் இடம் மாறியபோதும் குடியிருப்பாளரின் கை ஓங்கவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. கடன் தீரும்வரை அவர் தோட்டத்தை விட்டு நீங்க முடியாதவரானார்.

இந்நிலையின் முழு வளர்ச்சியே 'துண்டு' முறையாகும். குறித்த தொகையைச் செலுத்தினால் இன்னாரை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. கங்காணி அதனை வேறொரு தோட்டத்துக்குக் கொண்டு செல்வார். புதிய தோட்டம் பழைய கடனைச் செலுத்தி ஆட்களை ஏற்றுக்கொள்ளும். தொழிலாளியைப் பொறுத்தவரை மாறியவை தோட்டமும் காம்பராவுமே. கடன் அவரைப் பின்தொடர்ந்தது. அனுமதியின்றி நீங்கியவரை 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற் சட்டம் சிறைக்கு அனுப்ப வழிசெய்தது. ஒப்பந்த மீறல் எனும் சிவில் விடயம் இவ்வாறு குற்றவியல் விடயமாக்கப்பட்டது.

இதனை எதிர்த்துக் குரலெழுப்பியோருள் சேர் பொன்னம்பலம் அருணாசலம் குறிப்பிடத்தக்கவர். இந்திய அரசாங்கத்தின் அழுத்தமும் சேர்ந்துகொள்ள, 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

2. உழைப்பே வாடகையாக

கடன் என்னும் தளை தளர்ந்த பின்னர் தொழிலாளரைத் தோட்டத்துடன் பிணைத்து வைத்தது எது? அதற்கான விடை அவர்கள் வாழ்ந்த கூரையிலேயே கிடைக்கின்றது.

பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது காம்பராவுக்கு வழமையாகச் சொல்லப்படும் அளவு. முன்னால் ஓர் இஸ்தோப்பு; உள்ளே அடுப்பும் படுக்கையும் ஒன்றாய் அமைந்த ஒரே அறை. பல இடங்களில் இரு வரிசைகள் ஒரே முதுகுச் சுவரைப் பகிர்ந்து நின்றன. இக்காம்பராவுக்கு வாடகைச் சீட்டு இல்லை. குடியிருப்பு ஒப்பந்தமும் இல்லை. செக்ரோலில் பெயர் பதியப்பட்டிருப்பதே வாழும் உரிமைக்கான ஒரே ஆதாரம். பெயர் வெட்டப்பட்டால் வேலை போகும். வேலையோடு வீடும் போகும். பற்றுச்சீட்டு ஒருவரின் கையிற் கொடுக்கப்பட்டபோதும் வெளியேற வேண்டியிருந்தது முழுக் குடும்பமுமே.

இந்த ஏற்பாட்டிற் குடும்பம் முழுவதன் உழைப்பும் பிணையாக வைக்கப்பட்டிருந்தது எனலாம். பெற்றோர் ஓய்வுபெறும்போது பிள்ளைகளுள் ஒருவரேனும் தோட்டத்திற் பெயர் பதிந்திருந்தால்தான் கூரை நிலைக்கும் என்ற அச்சம், மலையக இளைஞர் பலரின் கல்வியையும் தொழில் தெரிவையும் கட்டுப்படுத்தியது. தாய் கொழுந்து பறித்தால் மகனுக்கு வீடு. மகள் கொழுந்து பறித்தால் தாய்க்கு வீடு. நகரத்து வாடகைப் பிணக்கில் இழப்பு பணத்தால் அளக்கப்படுகின்றது. இங்கோ அது பள்ளிக்கூடத்தை விட்டு நீங்கிய ஆண்டுகளால் அளக்கப்பட வேண்டியது.

வீட்டுக்காரரும் முதலாளியும் ஒருவரேயானதால், தொழிற்சங்க உரிமையும் குடியிருப்புரிமையோடு சிக்குண்டது. லயன் தோட்டத்தின் தனியார் நிலத்துக்குள் அடங்கியது. அங்கு வாழ்வோரைக் காணச் செல்லும் சங்கத்தவர் அத்துமீறியோராகக் கருதப்பட்டனர். 1931இல் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்த கோ. நடேசய்யர், அதற்கு முன்னர் புடைவை வியாபாரியின் வேடத்தில் தோட்டங்களுக்குட் சென்றார் என்ற செய்தி இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளத் தக்கது. தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டங்களுக்குள் நுழையும் உரிமை 1970ஆம் ஆண்டிலேயே சட்டவாயிலாக ஏற்கப்பட்டது.

3. நேவ்ஸ்மியர் வழக்கு

குடியிருப்புரிமை பற்றிய முரண்பாடு மிகக் கூர்மையாக வெளிப்பட்ட நிகழ்வு கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தில் இடம்பெற்றது. கிராம விஸ்தரிப்புக்காக அரசாங்கம் அத்தோட்டத்தைக் கையேற்றதும், தொழிலாளர் குடும்பங்களுக்கு வேலை நீக்கமும் வெளியேறும் அறிவித்தலும் கிடைத்தன. அவர்கள் வெளியேற மறுத்தனர். 1946இல் அவர்களுக்கு ஆதரவாக இலங்கை இந்தியக் காங்கிரசின் தலைமையில் ஏனைய தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் பரவியது. நுவரெலியாவிலோ அட்டனிலோ வாழ்ந்த தொழிலாளிக்கு இது அயல் மாவட்டத்துச் செய்தியாக இருக்கவில்லை. அங்கு நேர்ந்தது நாளை தமக்கும் நேரும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

வெளியேற மறுத்தமை குற்றவியல் அத்துமீறல் எனக் கொள்ளப்பட்டு வழக்குத் தொடரப்பட்டது. செல்வநாயகம் வழக்கு எனச் சட்ட அறிக்கைகளில் அறியப்படும் இவ்வழக்கு இலண்டன் கோமறைக் கழகம்வரை சென்று 1950இல் முடிவுற்றது. உரிமையுண்டு என நேர்மையாக நம்பி ஓரிடத்தில் இருப்பவரின் செயல், அது நிலத்தை வைத்திருப்பவருக்குத் தொல்லையாகும் என்று தெரிந்திருந்த காரணத்தால் மட்டும் குற்றமாகிவிடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அவ்வுரிமை சட்டத்தின்முன் நிலைக்குமா என்பது வேறு வினா.

இத்தீர்ப்பின் பயனையும் எல்லையையும் சேர்த்தே மதிப்பிடல் வேண்டும். தன் இல்லத்திலேயே தங்க விரும்பிய தொழிலாளியைக் குற்றவாளியாக்கும் வழியை அது ஒடுக்கியது. ஆனால் அவருக்கு அவ்வில்லத்தில் உரிமை உண்டென்று அது கூறவில்லை.

4. நாடும் வீடும்

அக்காலத்திலேயே இம்மக்கள் குடியிருப்புக்கு மேலான மற்றோர் உரிமையையும் இழந்தனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பிற்போடப்பட்டது. இந்தியக் குடிகளாகக் கொள்ளப்பட்டோர், மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்த காம்பராவைக் கைவிட்டுச் சென்றனர். அக்காம்பராக்களைச் சூழ்ந்த மலைகளைச் செல்வமாக்கிய உழைப்புக்கு அந்நிலத்தில் அவர்கட்கு ஒரு பங்கும் கிடைக்கவில்லை.

1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. முற்போக்கான இந்நடவடிக்கை, உழுபவனுக்கே நிலம் என்ற கோட்பாட்டைத் தோட்டத் தொழிலாளிக்குப் பொருத்தவில்லை. சில பகுதிகளில் தொழிலாளர் குடும்பங்கள் லயன்களினின்று துரத்தப்பட்டன; பலர் வவுனியா முதலிய வடபுலப் பிரதேசங்களுக்குச் சென்று குடியேறினர். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பகிர்ந்தளிக்கும் முயற்சிக்கு எதிராக 1977 மே மாதத்தில் எழுந்த போராட்டத்தில், டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். வேலைத்தலமும் வீடும் ஒன்றேயாகிய மக்களுக்குக் காணி பறிபோவது இரண்டையும் ஒருங்கே இழப்பதாகும் என்பதை இப்போராட்டம் உணர்த்தியது.

5. கடனுண்டு, உறுதியில்லை

1992இல் தோட்ட முகாமைத்துவம் தனியார் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் அரசுடையது; குத்தகை கம்பனியுடையது; கூரையின்கீழ் வாழ்வோர் இரண்டிலும் இடம்பெறாதவர். இக்காலத்திற் கடனடிப்படையிலான வீடமைப்புத் திட்டங்கள் விரிவடைந்தன. தொழிலாளர் சம்பளத்திலிருந்து தவணைப் பணம் கழிக்கப்பட்டது. வீட்டுக்காக முதன்முறையாக அவர்களிடமிருந்து பணமே நேராகப் பெறப்பட்டது. எனினும் பணஞ் செலுத்திய பலருக்கு வீடு நிற்கும் நிலத்தின் உறுதிப்பத்திரம் கிட்டவில்லை. உறுதியில்லா வீட்டை வங்கியில் ஈடுவைக்கவும் இயலாது, விற்கவும் இயலாது.

ஏழு பேர்ச்சஸ் காணியுடன் தனிவீடு என்ற கொள்கை 2015இன் பின்னர் வலுப்பெற்றது. 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2018இல் மலைநாட்டுப் புதிய கிராமங்களுக்கான அதிகாரசபை சட்டவாயிலாக அமைக்கப்பட்டது. தோட்டப் பகுதிகளுக்குச் சேவையாற்றப் பிரதேச சபைகளுக்கு இருந்த சட்டத்தடையும் அதே ஆண்டில் நீக்கப்பட்டது. இவை மெய்யான முன்னேற்றங்களே. ஆயினும் லயன் இன்னும் வழக்கொழிந்து போகவில்லை.

இதுவரை கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகும். நகரத்துக் குடியிருப்பாளர் முற்பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்காடலாம். அவரிடம் ஒரு பற்றுச் சீட்டேனும் இருக்கும். தோட்டத் தொழிலாளர் கடனாகவும் உழைப்பாகவும் தவணையாகவும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகச் செலுத்திய முற்பணத்துக்கு எவரும் பற்றெழுதிக் கொடுக்கவில்லை. காணியுறுதி கோரும் அவர்களின் குரலை நலன்புரி வேண்டுகோளாகக் கருதுவது வரலாற்றை அறியாமையின் விளைவு. அது செலுத்திய தொகையை மீளக் கேட்கும் உரிமைக் குரலாகும். அவ்வகையிலேயே அது அணுகப்படல் வேண்டும்.